பதினோராம் எண் சீட்டு

ஐம்பது வருடங்களுக்கு முன் நகரமன்ற வாசலில் புதைத்த இரும்புப் பெட்டியைத் தோண்டியெடுத்து அருங்காட்சியகத்தின் பின்னறையில் இறக்கியபோதே, ஆவணக் காப்பாளரான அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெட்டியை அசைத்தால் உள்ளே தண்ணீர் சலசலத்தது. வருங்காலத் தலைமுறைக்கென்று பெரியவர்கள் விட்டுப்போன செல்வம்!

ஊறி ஒட்டிக் கிடந்த தாள்களை நான்கு நாட்கள் உறிஞ்சுதாள் வைத்து ஒற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அன்றைய நகரமன்றத் தலைவர் மைப்பேனாவால் எழுதிய பன்னிரண்டு பக்க உரை, பன்னிரண்டு நீலக் கறைகளாகியிருந்தது. அவருடைய புகைப்படத்தில் மீசை மட்டும் மிச்சம்.

பிழைத்தது ஒன்றே ஒன்று. சிகரெட் அட்டையின் பின்புறம் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்:

"மூடிக்கு ரப்பர் பட்டை வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். விழாவுக்கு நேரமாகிறது, அப்படியே மூடு என்றார் தலைவர். தண்ணீர் இறங்கும். பழியை என் தலையில் கட்டாதீர்கள். இப்படிக்கு, வெல்டர்."

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும்தான் உறைத்தது: இன்றைய தலைவர் அந்தத் தலைவரின் மகன். எதற்கெடுத்தாலும் ரிப்பன் வெட்டக் கிளம்பிவிடுவதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரி.

கத்தரி மறுநாளே வந்து நின்றார்.

"எங்கப்பா எழுதின உரை எங்கேம்மா?"

"கரைஞ்சு போச்சு சார்."

"அதனால என்ன? நான் சொல்றேன், நீங்க பழைய தாள்ல எழுதிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

சீட்டைப் படித்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. "இதைத் தண்ணியில போடுங்க. இதுவும் கரைஞ்சு போச்சுன்னு எழுதிக்கலாம்."

"பென்சில் எழுத்து சார். ஐம்பது வருஷம் ஊறியும் கரையல."

சீட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனார். பூட்டினாள். ஆனால் கண்காட்சிப் பட்டியல் எழுதுவது அவள் வேலை. பதினோராம் எண்ணில் அந்தச் சீட்டை வரி பிசகாமல் எழுதி அனுப்பினாள். கத்தரி வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நகரமன்றமே ஐந்நூறு பிரதி அச்சடித்தது.

திறப்பு நாளன்று ஜனங்கள் நீலக் கறைகளை மரியாதையாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். பட்டியலும் கையுமாக ஒரு அம்மாள் நின்றுவிட்டார்.

"பதினொண்ணு எங்கங்க?"

பின்னாலிருந்தவர்களும் அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். கத்தரி அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். அவள் போய் இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்துவந்து கண்ணாடிக்குள் வைத்தாள். கத்தரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"தன்னைக் குறை சொன்ன சீட்டையும் பெட்டிக்குள்ள வைக்கச் சொன்ன பெரிய மனசு, எங்கப்பாவுக்கு!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அம்மாள் மட்டும் தட்டவில்லை. கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து சீட்டை முழுதும் படித்தார். பிறகு நிமிர்ந்து, "அந்த வெல்டர் பேரு என்னங்க?" என்றார்.

கத்தரி ஒலிபெருக்கியை அணைத்தார்.