இரைச்சலுக்குள் என் பாட்டு

ஞாயிறு நாலு மணிக்கு என் பாட்டு ரேடியோவில் வருகிறது என்று எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில் வரிசையாக இருக்கும் ஆறு வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். கொழுந்து எடுக்கும்போது நான் பாடுவதை நிலையத்தார் வந்து பதிவு செய்து போயிருந்தார்கள். கால் மணி நேர நிகழ்ச்சி, ஒரே தடவைதான். என் குரலை நான் கேட்டதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலும் திருப்பிக் கேட்க வெட்கம். ரேடியோவில் மட்டும் கேட்டுவிட ஆசை.

நாலு அடித்தது. அதுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பெட்டி, ஸ்ஸ்ஸ் என்று இரைந்தது. என் வீட்டுக்காரர் மத்தியாஸ் அதைத் தட்டினார், பேட்டரியை மாற்றினார். பாழாய்ப்போன பெட்டி! வெளியே வந்தால் ஆறு வீட்டிலும் அதே இரைச்சல். ஆறு வீட்டிலும் தட்டுகிறார்கள்.

பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் வினோ செல்போனோடு வந்தான்.

"பெட்டியில கொறை இல்லக்கா. இந்த நேரத்துல இனிமே டிஜிட்டல்லதான் அனுப்புவாங்களாம். போகப்போக ஏஎம் ரேடியோ முழுக்க அதுதானாம்."

"ஸ்டேஷன் மாறிடுச்சா?"

"அதே ஸ்டேஷன், அதே நம்பர்."

"பின்ன என் பாட்டு எங்கடா?"

"அந்த எரைச்சலுக்குள்ளதான் இருக்கு. புதுப் பெட்டிதான் பிரிச்சுக் குடுக்கும். சில புதுக் காருலயும் இருக்காம்."

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பாட்டு இருக்கிறதாம், கேட்காதாம்! புதுக் கார் ஏதாவது நிற்குமா என்று மூன்று பேரும் போடிமெட்டு ரோட்டுக்கு ஓடினோம். பனி பார்க்க நின்றிருந்த புதுக் காரின் கண்ணாடியைத் தட்டினேன்.

"கேரட் வேண்டாங்க" என்றார் உள்ளே இருந்தவர், ரோட்டோரம் கேரட் விற்கிறவள் என்று நினைத்து.

"கேரட் இல்ல சார், ரேடியோ!"

அவர் விழித்தார். வினோ அவரிடம் கேட்டுத் தலையை உள்ளே விட்டு, எதையெதையோ அமுக்கினான்.

ஒரு பெண் பாடினாள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பாட்டு என்னுடையது. குரல்?

"இது நான் இல்ல. வேற யாரையோ பாட வச்சு ஏமாத்திட்டாங்க!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியாஸ் கார்க் கதவைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார். "சும்மா இரு புள்ள. இருவது வருசமா கேக்குறேன். ஒன் கொரல் எனக்குத் தெரியாதா?"

பாட்டு முடிந்தது.

"நல்லா இருந்துச்சுங்க. பாடுனது யாருங்க?" என்றார் கார்க்காரர்.

மத்தியாஸ் என் பக்கம் கையைக் காட்டினார். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.