தேவராஜாவின் பாதி

1

இந்தக் கதையைச் சத்தியபாமா அக்காவிடம் கேட்டு வாங்கியதாகத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. அக்கா சொல்லி முடித்து மூக்கைத் துடைப்பதற்குள் என் புத்தி முதல் வரியைத் தேடப் போய்விட்டது. அந்த வரி இது:

"ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு என்பது அமைதியின்..."

வேண்டாம். அக்காவுக்கும் அமைதிக்கும் அன்று ஒரு தொடர்பும் இருக்கவில்லை.

2

2012 செப்டம்பர். பிளாக்டவுனில் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பிலிருந்து எட்டுப் பேரைப் பூங்கா ஒன்றின் ஜப்பானியத் தேநீர்க் குடிலுக்கு அழைத்துப் போனார்கள். வான் வண்டியை ஓட்டியது நான். அக்காவுக்கு வர விருப்பமில்லை. நார்த்மீட் வாடகை அறையில் தனியாகக் கிடப்பதைவிட இது மேல் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

(படகில் வந்தவர், தற்காலிக விசா, கணவர் 2009இல் காணாமற்போனவர் என்று இங்கே ஒரு பந்தி இருந்தது. விண்ணப்பப் படிவத்தை வாசிப்பதுபோல் இருந்ததால் வெட்டிவிட்டேன். கணவரின் பெயரை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. தேவராஜா.)

3

தேநீர் தருபவரின் பெயர் மிச்சிகோ. அறுபது வயதிருக்கும். பாயில் முழங்காலிட்டு, எங்களைக் குனிந்து வணங்கினார். ஆளுக்கொரு வெள்ளைத் தாளில், சிவப்பு அவரையில் பிடித்த இனிப்பு வந்தது. அதை முழுவதும் சாப்பிட்ட பிறகுதான் தேநீர் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

அக்கா பாதியைக் கடித்தார். மறுபாதியைக் கைக்குள் பொத்திக்கொண்டு தேநீருக்காகப் பார்த்திருந்தார்.

வன்னியில் இருந்த எவரும் விடக்கூடிய பிழைதான். போரில் சீனி கிடைக்காத காலத்தில் பனங்கட்டி* ஒரு கடி, வெறுந்தேத்தண்ணி ஒரு மிடறு. இனிப்பை முன்னமே முடித்துவிட்டால் கசப்பை எதை வைத்துக் குடிப்பது?

மிச்சிகோ பச்சைத் தேநீரை நுரைக்க அடித்துவிட்டு அக்காவின் கையைப் பார்த்தபடி இருந்தார். "அதைச் சாப்பிட்டு முடியுங்கோ அக்கா, பிறகுதான் தருவினம்" என்றேன் மெதுவாக.

அக்கா அதை வாய்வரை கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது.

*பனை வெல்லம். இந்தக் குறிப்பு தமிழ்நாட்டு வாசகருக்கு.

4

காரணத்தைத் திரும்பி வரும்போது வண்டியில்தான் சொன்னார். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

2009 மே. பதுங்குகுழியில் ஒரு துண்டுப் பனங்கட்டிதான் மிச்சம். அக்கா பாதியைக் கடித்துவிட்டு மறுபாதியைக் கணவரிடம் நீட்டினார். "அதை நீர் வைச்சிரும், தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் தேவராஜா வாளியோடு போனார். அந்தப் பாதி இரண்டு நாள் அக்காவின் கையில் இருந்தது. மூன்றாம் நாள் பசி தாங்காமல்

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அக்கா முடித்தார்.)

"அவருக்கு வைச்சதை நான் திண்டிட்டன். அவர் திரும்பி வாற பாதையை நானே அடைச்ச மாதிரி."

5

முடிவு ஒன்று: அக்கா சாப்பிடுகிறார், கண்ணீர் வழிகிறது, தேநீர் குடிக்கிறார். எழுதிய எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப மனம் வரவில்லை.

நடந்ததில் இவ்வளவு சொல்லலாம். கிண்ணத்தில் நுரை அடங்கிப்போனது. மிச்சிகோ அதை எடுத்துப்போய் ஊற்றி, கழுவித் துடைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதற்குள் அந்தப் பாதி என்ன ஆனது என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருந்தேன்.

6

இந்த வருடம் கதையைத் தொலைபேசியில் அக்காவுக்கு வாசித்தேன். கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்:

"பனங்கட்டியைத் திண்டதை எழுதுங்கோ தங்கச்சி, அது அவருக்குத் தெரிய வேணும். ஆனா அந்த இனிப்பைச் சாப்பிட்டனான் எண்டும் எழுதாதேங்கோ, சாப்பிடேல்லை எண்டும் எழுதாதேங்கோ. அதை அவர் வந்தாப்பிறகு நானே சொல்லுறன்."

கடைசிப் பந்தியை அழித்துவிட்டேன்.

ஆகவே, உங்கள் பெயர் தேவராஜா இல்லையென்றால் தயவுசெய்து இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேவராஜா அண்ணை, அக்கா இன்னும் நார்த்மீட்டில்தான் இருக்கிறார். மிச்சத்தை அவரிடம் கேளுங்கோ.