சாம்பல் ராணி பேசமாட்டேன் என்கிறாள்

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. சாம்பல் ராணி வாத்தியாரம்மா மாதிரி பேசறா."

ஓவியர் போனில் இப்படிச் சொன்னபோது அவள் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கிய ஒருவர் தன் முறை எப்போது என்று கையாலேயே கேட்டார். அவளும் கையாலேயே நாலு விரல் காட்டினாள்.

"எந்த இடத்துல தம்பி?"

"எந்த இடத்துலன்னு கேட்டா எப்படி? எல்லா இடத்துலயும்தான். 'உன் அழிவு நெருங்கிவிட்டது'ன்னு சொல்றா. நம்ம ராணி இப்படியா பேசுவா? முதல் புஸ்தகத்துல, 'நீ பறந்தா எனக்கென்ன, காக்காகூடத்தான் பறக்குது'ன்னு சொன்னவளாச்சே!"

"மாத்திடறேன்."

"திங்கக்கிழமைக்குள்ள மாத்துங்க. அதுக்கப்புறம் மெஷினை வேற வேலைக்கு விட்டுடுவேன்னு அச்சகக்காரர் சொல்லிட்டார். எனக்கும் அன்னிக்கே புது வேலை, வீடியோ கேம் கம்பெனியில. அப்புறம் கூப்பிட்டா எடுக்க முடியுமான்னு தெரியல அக்கா."

போனை வைத்தாள். காக்கா வசனம் அவள் எழுதியதே அல்ல. அவள் கணவர் புது ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் ஹாரன் அடித்த அன்று, அவருடைய அக்கா சமையலறையிலிருந்து சொன்னது. "நீ ஓட்டினா எனக்கென்ன, தபால்காரன்கூடத்தான் ஓட்டறான்." ஸ்கூட்டரை எடுத்துவிட்டு இறக்கையை வைத்தாள், அவ்வளவுதான்.

ஐந்து படக்கதைப் புத்தகங்களும் அப்படி வந்தவைதான். அவளுக்குக் கதை முகமாகத் தோன்றாது, குரலாகத்தான் கேட்கும். முகத்தை ஓவியர் பார்த்துக்கொள்வார். ஊரைக் காக்கும் காற்றுக்காரி, தொட்டதைச் சாம்பலாக்கும் ராணி. இன்ன பக்கத்தில் இன்ன சண்டை என்று அவள் சொல்லிவிடுவாள். அவர் படத்தை முடித்து, பேச்சுக் குமிழ்களை மட்டும் வெள்ளையாக விட்டு அனுப்புவார். பிறகு இவள் குமிழ்களை நிரப்புவாள். ராணியின் குமிழ்களுக்குச் சமையலறைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், நாத்தனாரின் குரல் வந்துகொண்டே இருக்கும். காற்றுக்காரியின் குமிழ்களில் மட்டும் அவள் சொந்தச் சரக்கு. பதினைந்து வருஷமாக நாத்தனாருக்குச் சொல்ல நினைத்து விழுங்கிய பதில்கள். காற்றுக்காரி பறப்பாள், சுவரைப் பெயர்ப்பாள். ஆனால் அவளுடைய உண்மையான சக்தி உடனுக்குடன் பதில் சொல்வதுதான். இது ஓவியருக்குக்கூடத் தெரியாது.

நாத்தனார் இவளுக்கு வைத்த பேர் ஊமைக்கோட்டான். "எதைச் சொன்னாலும் உம்முனு கேட்டுக்கறா பாரு, ஊமைக்கோட்டான்."

இப்போது அந்தக் குரல் நின்றுவிட்டது. அதுதான் சிக்கல்.

ஐந்தாம் புத்தகத்தைப் புத்தகக் கண்காட்சியில் வெளியிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நாத்தனாரும் வந்து, கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விற்ற புத்தகங்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். பொடி எழுத்து கண்ணைக் குத்துகிறது என்று அதுவரை ஒரு புத்தகத்தையும் அவர் பிரித்ததில்லை. அப்போது வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாடகமே போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒருத்தி ராணியாக இடுப்பில் கை வைத்து, "என்னை வேண்டாம்னு சொன்ன வீட்டுல என் செருப்புகூட இருக்காது!" என்றாள்.

இன்னொருத்தி காற்றுக்காரியாக, "சீக்கிரம் எடு, பெருக்கணும்!" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாத்தனார் கையிலிருந்த பையை மடித்து வைத்தார். தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து வீட்டில் மூன்று சொற்கள்தான். சாப்பாடு, கதவு, தண்ணி.

"ரேடியோ நின்னு போச்சு," என்றார் கணவர். "நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். சோறே இறங்கல. நீதான் ஏதாவது சொல்லேன்."

"என்ன சொல்றது?"

"அதை என்னைக் கேட்டா? புஸ்தகம் எழுதறவ நீ."

அவள் மன்னிப்பும் கேட்டுப் பார்த்தாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தார். "அண்ணி, தப்புதான்," என்றாள். அவர் ஒரு தலையணை உறையை உதறினார். "கதவு," என்றார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

வேறு எங்கேயாவது போய்க் கேட்டு எழுதலாம் என்றால், நாள் முழுக்க உட்காருவது பல் மருத்துவமனையில். அங்கே வருகிறவர்கள் வாயில் பஞ்சு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை ஆறாவதும் கடைசியுமான புத்தகத்தின் பக்கங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரந்து கிடந்தன. காற்றுக்காரியின் குமிழ்களிலும் இந்தத் தடவை பாதி காலி. கேள்வி வராமல் பதிலை எங்கிருந்து கொண்டுவருவது? கட்டிலுக்கு அடியில் விற்காத நாலாம் புத்தகம் கட்டுக்கட்டாகத் தூசி தின்றுகொண்டிருந்தது. இடுப்பு வலித்தது. ஐந்தோடு நின்றால்தான் என்ன, ஊர் இடிந்தா விழும் என்று ஒரு பக்கம் தோன்றியது. சண்டையைப் பாதியில் விட்டால் அந்தச் செருப்பு வசனம்தான் கடைசிப் பேச்சாக நின்றுவிடும் என்று இன்னொரு பக்கம் உறுத்தியது.

"சாப்பாடு," என்றார் நாத்தனார், கையில் தட்டுகளோடு.

"இதோ எடுத்துடறேன் அண்ணி."

எழுந்திருக்க இவளுக்கு நேரமானது. நாத்தனாரே தட்டுகளை ஓரமாக வைத்துவிட்டுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். கடைசிப் பக்கம் கையில் வந்ததும் அடுக்குவது நின்றது.

பக்கம் முழுக்க ஒரே படம். இடிந்த கோட்டை. சாம்பல் ராணி தரையில் முட்டி போட்டிருக்கிறாள். காற்றுக்காரி அவளைப் பிடித்துக்கொண்டு போகக் கையை நீட்டிக் குனிந்து நிற்கிறாள். ஆளுக்கு ஒரு வெள்ளைக் குமிழ்.

"இது யாரு?" என்றார் நாத்தனார்.

நாலாவது சொல் வந்துவிட்டது. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் தூக்கி வந்த கணவர் அப்படியே நின்றார்.

"ராணி," என்றாள் இவள்.

"ராணின்னா? நான்தானே?"

இவள் மீதித் தாள்களை இழுத்து அடுக்கினாள்.

"ஊரே சிரிச்சுதே, நான்தானேன்னு கேக்கறேன்."

"ஆமா அண்ணி."

"நான் முட்டி போடுவேனா? எவ முன்னாடியாவது போட்டிருக்கேனா? டேய், நீ சொல்லுடா!"

"எனக்கு இந்த வம்பே வேண்டாம் அக்கா, பாத்திரம் சுடுது," என்றார் கணவர்.

"கதை முடியணும் அண்ணி. ராணி தோத்தாத்தான் முடியும்," என்றாள் இவள்.

"தோக்கறது பத்தி இல்ல. தோக்காதவங்க யாரு? அன்னிக்குப் புருஷன் வீட்டை விட்டு நான் இந்த வீட்டுக்கு வந்து நின்னப்ப ஜெயிச்சுட்டா வந்தேன்? ஒரு பையும் கையில செருப்பும்தானே? அப்ப நான் சொன்னதை நீ எழுதிட்ட. சரி, எழுதித் தொலை. என் வாய், எப்படியும் நாலு பேருக்குக் கேக்கற வாய்தான்." நாத்தனார் மூச்சு வாங்கினார். "ஆனா அன்னிக்கு நீ என்ன பதில் சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லல. பையை வாங்கி உள்ள வெச்ச. காலைக் கழுவத் தண்ணி கொண்டுவந்த. அவ்வளவுதானே? அப்ப புஸ்தகத்துல மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு, பெருக்கணும்னு? அன்னிக்கு மனசுக்குள்ள அதைத்தான் நினைச்சியா?"

"இல்ல அண்ணி!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அன்னிக்கு என்ன சொல்லணும்னே தெரியல. இப்பவும் தெரியல. காற்றுக்காரி சும்மா நின்னா நல்லாயிருக்காதேன்னு எதையோ போட்டேன். ஜனங்க சிரிச்சாங்க. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

கணவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். நாத்தனார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இதை அழிச்சு வரையச் சொல்லு. நிக்கற மாதிரி."

"முடியாது அண்ணி. அவர் நாளைக்கு வேற வேலைக்குப் போறார். படம் இதுதான். குமிழ்ல இருக்கறது மட்டும்தான் என் கையில."

"குமிழையாவது எடுத்துடு. அவ வாயே திறக்க வேண்டாம்."

"எடுத்தா அங்க ஓட்டை தெரியும். அடியில படம் வரையல."

"நல்ல பொழப்பு!" நாத்தனார் மறுபடி பார்த்தார். "இவளுக்கு ஒரு காதுல தோடு எங்க?"

இவளும் எட்டிப் பார்த்தாள். மற்ற எல்லாப் பக்கங்களிலும் ராணிக்கு இரண்டு காதிலும் பெரிய தோடு உண்டு. இந்தப் பக்கத்தில் இடது காது மூளியாக இருந்தது.

"வரைய மறந்துட்டார் போல."

"மறக்கல," என்றார் நாத்தனார். "விழுந்திருக்கு."

"என்னது?"

"தோடு விழுந்துடுச்சு. அதான் தேடறா. வேற எதுக்கு முட்டி போடப்போறா? எழுது. 'தோடு விழுந்துடுச்சு, தள்ளி நில்லு, மிதிச்சுடாத.'"

பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். "எழுதிக்கவா?"

"கேட்டு எழுதறியே, அதுவே பெரிசு. எழுது."

எழுதினாள். குமிழுக்குள் கச்சிதமாக அடங்கியது. அதை எழுதியதும் படம் வேறாகிவிட்டது. ராணியின் கை இப்போது தரையில் கெஞ்சவில்லை, துழாவியது. பக்கத்தில் காற்றுக்காரி கையை நீட்டிக் குனிந்துகொண்டு நின்றாள், வெள்ளைக் குமிழோடு.

"இவ என்ன சொல்லப்போறா?" என்றார் நாத்தனார். "பெருக்கணுமா?"

அவள் வெகுநேரம் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதி, தாளை நாத்தனார் பக்கம் திருப்பினாள். அவர் உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

'இருங்க, நானும் தேடறேன்.'

நாத்தனார் தாளை மேசை ஓரமாக வைத்தார். தட்டுகளைப் பரப்பினார். இவள் தட்டில் முதலில் சோற்றைப் போட்டார்.

சாப்பாடு முடிந்ததும் மற்ற பக்கங்களையும் இருவருமாக நிரப்பி அனுப்பினார்கள். சாயங்காலம் ஓவியர் கூப்பிட்டார்.

"அக்கா, ராணி திரும்பி வந்துட்டா! ஆனா கடைசிப் பக்கம்... ஆறு புஸ்தகமா அடிச்சுக்கிட்டு கடைசியில தோடு தேடறாங்களா? படிக்கறவங்க திட்டுவாங்க."

"திட்டட்டும் தம்பி."

"தோட்டை நான் வரைய மறந்தது. அஞ்சு நிமிஷத்துல போட்டுடுவேன், வேணும்னா."

"போட்டுடாத. அது விழுந்திருக்கு."

போனை வைத்துவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்தாள். இந்தப் புத்தகமும் கட்டிலுக்கு அடிக்குத்தான் போகுமோ என்னவோ. யோசிக்கவும் தெம்பில்லை.

"ஏ ஊமைக்கோட்டான்!" சமையலறையிலிருந்து குரல் வந்தது. "தோடு கிடைச்சுதா இல்லையா?"

"அது கடைசிப் பக்கம் அண்ணி. அதுக்கப்புறம் இல்ல."

"என்ன கதை எழுதற நீ? ஒரு பொம்பளை தோட்டைத் தொலைச்சுட்டுத் தரையில உக்காந்திருக்கா. கிடைச்சுதா, அடகுக்குப் போச்சா, ஒண்ணும் சொல்லாம கடையைக் கட்டிட்டா எப்படி? இதைக் காசு குடுத்து வேற வாங்கணுமாக்கும்..."

குரல் நிற்கவில்லை. பேனா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டே கிடந்தாள்.