பச்சை வேலிக்கு இன்னும் முடிவாகவில்லை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் இலக்கியத்துக்காக எழுதவில்லை. என் வீட்டுக்காரர் தியோடர் சுத்தியலைக் கையில் எடுக்காமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி ஒரு மரவேலி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவரே பலகை அறுத்து, அவரே ஆணி அடித்து நட்டது. இப்போது தெருப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. ரிப்பேர் பண்ணலாம் என்கிறார் அவர், அதுவும் தன் கையால். மொத்தமாகப் பிடுங்கிவிட்டு இரும்பு வேலி போடலாம் என்கிறேன் நான். ஜூன் மாதம் அவர் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு வேலி முக்கியமா, அவர் முக்கியமா, நீங்களே சொல்லுங்கள்.

"வேலிய வச்சு ஒரு கதை எழுதிட்டு இருக்கேங்க. முடியற வரைக்கும் தொடாதீங்க, பாத்துப் பாத்து எழுதணும்" என்றேன். கதை என்றால் மனிதருக்கு ஒரு மரியாதை. ஒத்துக்கொண்டார். அப்போது நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள் இவை:

காலத்தின் காவலனாய் நின்ற அந்த வேலி, தன் — (சே, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.)

அசோகன் ஒரு பிடிவாதக்காரன். ஒரு நாள் அவன் —

பெயரை மாற்றினால் கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைத்தேன். காபி கொண்டுவந்து வைத்தவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டார்.

"யாரு இந்த அசோகன்? என் வேலில அவனுக்கு இன்னா வேலை?"

"கதைங்க."

"கதைன்னா? நான் அடிச்ச ஆணிய எவனோ அடிச்சான்னு எழுதுவியா?"

அசோகனை அனுப்பிவிட்டேன். தியோடர் திரும்பி வந்தார்.

3

கிறிஸ்துமஸுக்கு முன் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். தியோடர் வேலிக்கும் அடிப்பார், பச்சை. பழைய பெயிண்ட்டைச் சுரண்டவே மாட்டார். "புதுசுக்குள்ள பழசு இருந்தா ஸ்ட்ராங்" என்பது அவருடைய விஞ்ஞானம். இருபத்திரண்டு கிறிஸ்துமஸ், இருபத்திரண்டு பூச்சு.

[இங்கே ஒரு குறிப்பு: நானும் ஒரு தடவைகூட சுரண்டச் சொல்லவில்லை. டிசம்பரில் எனக்குக் கேக் வேலையே தலைக்கு மேல் இருக்கும்.]

போன மாதம் ஆசாரி சுனிலைக் கூப்பிட்டேன். ஸ்குரூ டிரைவரை வைத்து ஒரு பலகையைக் குத்தினான். பிளம் கேக்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கன்னடமும் தமிழுமாகச் சொன்னான்:

"மரா எல்லிதே சார்? மரமே இல்ல, எல்லாம் கறையான் தின்னுடுச்சி. பெயிண்ட்டு தான் நிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தியோடர் சிரிக்கவில்லை.

"நாலு பலக மாத்தினா போதும். நான் பண்ணிக்கிறேன்" என்றார்.

"நான் பண்றேன் சார், அரை நாள் வேலை."

"என் வேலில இன்னொருத்தன் ஆணி அடிக்கிறதா? நீ கிளம்புப்பா."

4

முடிவுகள். மூன்று யோசித்து வைத்திருந்தேன்.

(அ) இரும்பு வேலி வருகிறது. உறுதியாக இருக்கிறது. தியோடர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

(ஆ) அவர் மாத்திரை போட்டு அசந்திருக்கும் நேரத்தில் சுனில் வந்து — இல்லை, முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் இப்படிச் செய்யக்கூடாது.

(இ) நான் பஜாருக்குப் போன நேரத்தில் அவரே சுத்தியலை எடுக்கிறார். மூன்றாவது ஆணியில்

இதற்கு மேல் எழுத மாட்டேன். கை வரவில்லை.

5

நேற்று சாயங்காலம், சரி போதும், எத்தனை நாள்தான் இழுப்பது என்று (அ)-வையே வைத்து அடியில் "முற்றும்" என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் தியோடர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்து முடித்திருந்தார். "முற்றும்" மேல் ஒரு கோடு.

"ஏங்க, எதுக்கு அடிச்சீங்க?"

"இப்ப இன்னா அவசரம்? வேலியோரம் நிக்கிற கொய்யா மரத்தப் பத்தி ஒண்ணுமே எழுதல நீ."

"அது வேலிக் கதைங்க."

கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு சொன்னார். "முந்தா நாள் நீ சர்ச்சுக்குப் போனப்ப சுத்தியல எடுத்துப் பாத்தேன் சோஃபி. ரெண்டு தட்டு. மூச்சு வாங்கிடுச்சு. பயந்துட்டேன்மா."

நான்தான் பயப்படுகிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அழுதேன், பின்னே என்ன செய்வேன்.

"மெதுவா எழுது" என்றார். "கதை முடிஞ்சாதான் வேலியத் தொடுவேன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

அதனால் முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால், சாய்ந்த பச்சை வேலிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கதை எப்படி முடிந்தது என்று உங்களைக் கேட்பார். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் சார் என்று சொல்லிவிடுங்கள்.