சுவரில் தெரிந்தவள்

ஊர்க்காவலன் சாருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர். ஆசிரியர்களின் கணினித் திறனைச் சோதிக்க ஆள் வருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்தே அவருக்குச் சோறு இறங்கவில்லை. செல்போனில் பேசத் தெரியும். மற்றதையெல்லாம் உடன் வேலை பார்க்கும் மகேஷ்குமார்தான் செய்து கொடுப்பான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் செல்போனைப் புரொஜெக்டரோடு இணைத்து, பாட வீடியோ ஒன்றைச் சுவரில் காட்ட வேண்டும். சோதனை அதுதான்.

"வீடியோவப் பெற்றோர் குரூப்புல போட்டுட்டேன் சார். குரூப்பத் தொறந்து, கடைசியா இருக்கதத் தொடுங்க. அம்புட்டுத்தான்" என்றான் மகேஷ்குமார்.

சோதிக்க வந்தவள் விருதுநகர்க்காரி, அப்சானா. வயதில் அவருடைய மகளைவிடச் சின்னவள். "பதறாமச் செய்ங்க சார். நான் ஒண்ணும் பேய் இல்ல" என்று சிரித்தாள். காலையில் அவள் வந்து உட்கார்ந்த சமயத்தில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டு, சன்னல் கதவு லேசாக அதிர்ந்தது. பட்டாசுக் கம்பெனிகளில் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். குவாரியில் வேட்டு வைப்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒயரைச் செருகியதும் சுவரில் வெளிச்சம் விழுந்தது. ஊர்க்காவலன் சார் குரூப்பைத் திறந்து, கடைசியாக இருந்ததைத் தொட்டார்.

அது மகேஷ்குமார் போட்ட வீடியோ இல்லை. அதற்குக் கீழே யாரோ புதிதாக ஒன்றை அனுப்பியிருந்தார்கள்.

சுவர் முழுக்கப் புகை. புகைக்குள்ளிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். சேலை உடம்போடு ஒட்டிக் கரிந்திருந்தது. கைகள் இரண்டையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். நேராகப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

"எங்கம்மா" என்றாள் முன்வரிசையில் இருந்த பாண்டிமீனா. கத்தவில்லை. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

எதைத் தொட்டால் நிற்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் சுவரை மறைத்து நின்றார். படம் அவர் சட்டைமேல் ஓடியது. பிறகுதான் ஒயரைப் பிடுங்கினார். அப்சானா ஓடிவந்து செல்போனை வாங்கி அணைத்தாள்.

பாண்டிமீனாவை டீச்சர் ஒருத்தி அணைத்தபடி வெளியே கூட்டிப் போனாள். ஆபீஸ் அறையில் ஊர்க்காவலன் சார் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். பிள்ளையின் அப்பா சிவபாண்டிக்குச் சொல்ல வேண்டும். சொல்லுமுன் அது பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போன அவள் அம்மா கற்பகம்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். அப்சானா அந்த வீடியோவை மறுபடி போட்டுக் காட்டினாள். இந்த முறை கடைசிவரை பார்த்தார், கேட்டார். கற்பகம்தான்.

"இத குரூப்புலருந்து எடுத்துரும்மா. என்னையும் அட்மினாப் போட்டிருக்காக. மத்த பிள்ளைக பாத்துரும்."

எடுத்தாள். "மார்க் எதுவும் போடல சார். இன்னொரு நாள் வாரேன்" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

மதுரை பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கற்பகம் இறந்துபோனாள். முகத்தைக்கூடக் காட்டாமல் துணி சுற்றிக் கொடுத்தார்கள்.

காரியம் முடிந்தபிறகு ஊர்க்காவலன் சார் அந்த வீட்டுக்குப் போனார். சிவபாண்டி எழுந்து, "வாங்க சார், உக்காருங்க" என்றான். அவர் உட்காரவில்லை.

"எங்கையாலதான்யா அந்தப் பிள்ள பாத்துருச்சு" என்றார்.

"நீங்க காட்டலேன்னாலும் வேற யாராச்சும் காட்டியிருப்பாக சார். ஊரெல்லாம் அதத்தான் வச்சிருக்காக." முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

உள்ளேயிருந்து பாண்டிமீனா வந்தாள். "சார், அந்த வீடியோ உங்ககிட்ட இருக்கா?"

"எதுக்குத்தா?"

"அதுல அம்மா நடந்து வருவா. அப்பறம் நான் பாக்கவே இல்ல. ஏதோ சொல்ல வந்தா. நீங்க ஒயரப் புடுங்கிட்டீக. யாருகிட்ட கேட்டாலும் தர மாட்டேங்காக."

அவருக்கு அந்த வார்த்தை தெரியும். வேறு ஏதாவது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"படம் எடுக்காதப்பான்னு சொன்னா. எடுத்தவன்கிட்ட."



"அப்ப எனக்கு வேண்டாம் சார்" என்றாள். பிறகு, "மத்தவுகளும் பாக்காம இருக்க என்ன செய்யணும் சார்?" என்று கேட்டாள்.

ஊர்க்காவலன் சார் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தெரியவில்லை என்று சொன்னார்.