பை தொங்கிய பகல்கள்

மீட்டர்காரர் அந்தப் படத்தைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் ஓவிய மதிப்பீட்டாளரின் மேசைக்குக் கொண்டுவந்தார். வழியில் இடித்தவர்களை அவர் முறைத்த முறைப்பில் இரண்டு பேருக்காவது காய்ச்சல் வந்திருக்கும்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோன மனைவி நர்ஸ்; வேலைக்காலம் முழுக்க இரவுப் பணி. கண்காட்சி ஒன்றில் அவள் ஆசைப்பட்டு வாங்கிய அச்சு ஓவியம் இது. அதில் ஒரு சிவப்பு மனிதன். திறந்த வாய்க்குள் லாரி நுழைந்து, திரும்பி, ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே வரலாம். கண்கள் இரண்டும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் ஆளுக்கொரு திசையில்.

அவள் அவனைத் "தம்பி" என்பாள். "மச்சான் இன்னைக்கும் பல்லு விளக்கல," என்பார் இவர்.

"மச்சானுக்கு ரத்தசோகை மேடம்," என்றார் மதிப்பீட்டாளரிடம். "வெளுத்துட்டான். அவ பார்த்த சிவப்பு திரும்ப வரணும். அது போதும்."

அந்த அம்மாள் சட்டத்தைக் கழற்றி, உருப்பெருக்கியால் ஓரங்களையும் ஓவியர் போட்ட பென்சில் கையெழுத்தையும் பார்த்தார்.

"அசல்தான் ஐயா. ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தீங்களா?"

"நல்லா தெரியட்டும்னு..."

"வெயில் தின்னுடுச்சு. போன சாயம் திரும்பாது." விளக்கைச் சாய்த்தார். "ஆனா இந்த இடத்துல சிவப்பு அவ்வளவா போகலையே. என்ன தொங்கிச்சு இங்கே?"

சிவப்பு மனிதனின் தோளருகே ஒரு திட்டு. ஓவியரின் கிறுக்கு என்றே இத்தனை நாளும் அதை நினைத்திருந்தார்.

"ஒண்ணும் தொங்கினதில்லையே."

"தொங்கியிருக்கு. பகல் நேரத்துல, வருஷக்கணக்கா. பாருங்க, இது பை, இது வார்."

மீட்டர்காரர் குனிந்து பார்த்தார்; மனைவியின் வேலைப் பையேதான். காலையில் அவர் கிளம்பிய பிறகே அவள் வருவாள். மாலையில் அவர் செருப்பைக் கழற்றும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை பை அலமாரிக்குள் போய்விடும். ஊரில் அத்தனை வீட்டுப் பகலும் அவருக்கு அத்துப்படி. யார் வீட்டில் மாமியார் கத்துவார், எந்த வீட்டு நாய் கௌவும் என்பதுவரை. சொந்த வீட்டுப் பகலைத்தான் பார்த்ததில்லை.

"வெளுத்த இடத்துல நிறம் தொட்டு சமன் பண்ணலாம்," என்றார் அந்த அம்மாள். "மதிப்பு கொஞ்சம் குறையும். நீங்க கேட்ட சிவப்பு கிட்டத்தட்ட வந்துடும். ஆனா திட்டு தெரியாது."

"தொடாதீங்க மேடம்!" அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் யாரோ எதையோ கீழே போட்டார்கள். "வெளுத்தே இருக்கட்டும். இந்தத் திட்டு நிக்க என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க."

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அமிலமில்லாத அட்டை, கண்ணாடியில் காகிதம் ஒட்டாத இடைவெளி, எல்லாவற்றுக்கும் மேலாக வெயில் எட்டிப் பார்க்காத சுவர் என்று அந்த அம்மாள் அடுக்கினார்.

வீட்டில் அப்படிப்பட்ட சுவர் நடைவழியில்தான் இருந்தது. மறுநாள் காலை, மற்றவர்கள் வேலைக்குப் போய்த் தெரு ஓய்ந்த பிறகு, அவர் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மங்கலுக்குக் கண் பழகப் பழக, பையின் வளைவு மெல்லத் தெரிந்தது.

"சொல்லுடா மச்சான்," என்றார் தாழ்ந்த குரலில். "வந்ததும் தூங்கிடுவாளா, இல்ல கொஞ்ச நேரம் உன்கிட்ட பேசிட்டிருப்பாளா?"