என் பெயரில் போட்ட ஊசி

பளபளப்பு ஊசியாம். வைட்டமினும் பெப்டைடும் கலந்து போட்டால் ஒரே மாதத்தில் முகம் மின்னுமாம். முகம் மின்னவில்லை, கைதான் வீங்கியது. இடது கையில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சீழ்க்கட்டியோடு அந்தப் பெண் எங்கள் வார்டுக்கு வந்தாள். டாக்டர் கட்டியைக் கீறும்போது நான்தான் அவள் கையை அழுத்திப் பிடித்திருந்தேன்.

"யாரும்மா போட்டது?" என்றார் டாக்டர்.

"பார்லர்லதான். ஆனா நர்ஸுதான் போட்டாங்க டாக்டர். சர்டிபிகேட்கூட சுவத்துல மாட்டியிருக்கு." என் சட்டையில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்தாள். "இதே பேருதான் அதுல."

எனக்குத் தெரிந்து பார்லர் நடத்துவது என் நாத்தனார்தான். வாரத்தில் இரண்டு நாள் வந்து ஊசி போடச் சொல்லிப் போன வருடம் கேட்டாள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன்.

வேலை முடிந்ததும் யூனிஃபார்மோடு போய் நின்றேன். கண்ணாடிக்கு மேலே, என் போட்டோவோடு, என் நர்சிங் பதிவுச் சான்றிதழ் ஃப்ரேமுக்குள் தொங்கியது. ஃப்ரிட்ஜில் ஃபேஸ் பேக் டப்பாக்களுக்கு நடுவே மருந்துக் குப்பிகள். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். 'ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ரப்பர் மூடி முழுக்க ஊசித் துளைகள்.

"யாரு குத்துறது?"

"நான்தான். வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்," என்றாள் நாத்தனார், புருவம் திருத்துவதைப் பற்றிச் சொல்வது போல. "வைட்டமின்தானே, உடம்புக்கு நல்லது."

"என் சர்டிபிகேட் எப்படி இங்க வந்துச்சு?"

"தம்பிதான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தான். உங்கிட்ட சொல்லலையா?"

அந்தத் தம்பி என் கணவர்.

"ஒரு பேப்பர்தானே," என்றார் வீட்டில். "அக்கா கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா?"

பன்னிரண்டு வருடம் ஒரு ஊசிகூடத் தப்பாகப் போடாமல் காப்பாற்றிய பெயர், இவருக்கு ஒரு பேப்பர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் புகார் எழுதப் போறேன்."

"எழுதினா மொதல்ல உன் வேலைதான் போகும். பேசாம இரு."

"போனா போகட்டும். அந்தப் பொண்ணு துடிச்சத நீங்க பாக்கல."

சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்துதான் புகார்ப் படிவத்தை எழுதினேன். ஊசி போட்டவர் யார் என்று எழுதினேன். சான்றிதழைக் கொடுத்தவர் என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"அக்காவோட நிறுத்திக்கோ," என்றார்.

அதுவரை ஊசி போட்ட அக்காவை விட்டுக்கொடுக்காதவர், தன் பெயர் வந்ததும் விட்டுக்கொடுத்துவிட்டார். முழுப் பெயரையும் எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.